அண்ணல்வாயில் தாமரைக்குளம் பிறந்த கதை

சித்தன்னவாசல் ஓவியத்தை எழுதிய கைகள் யாருடையவை என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. ஓவியம் இருக்கும் குடைவரைக் கோயிலைப் புதுப்பித்தவரின் பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது. குடைவரை முகப்புக்குத் தென்புறப் பாறையில், பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள்: மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் ஆண்ட காலத்தில், அண்ணல்வாயில் அறிவர் கோயிலின் அகமண்டபத்தை அவர் புதுக்கினார், முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்பது அந்தப் பாட்டின் செய்தி. அந்தப் பாண்டியன் கி.பி. 815 முதல் 862 வரை ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அப்படியானால் இன்று நாம் கூரையில் அண்ணாந்து பார்க்கிற தாமரைக்குள ஓவியத்துக்கு வயது ஆயிரத்து நூற்றைம்பதுக்கு மேல்.

புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சித்தன்னவாசல் என்றால் பள்ளிச் சுற்றுலா. நகரத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர். வேன் பிடித்து, புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து, கூரையைப் பார்த்துவிட்டு, மலையேறி இறங்கிப் போய்விடலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நுண்கலை படிக்கிற, படிக்க நினைக்கிற ஒரு மாணவர் அப்படிப் போய்விடக் கூடாது. கல், காரை, கோடு, வண்ணம், ஆட்டம் என்று ஐந்தாறு கலைகள் ஒன்றையொன்று அறிந்து வேலை செய்தால் என்ன பிறக்கும் என்பதை, கை நீட்டினால் எட்டிவிடுகிற உயரத்தில் வைத்துக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் நான்காண்டுப் படிப்பின் பாதியை அங்கேயே தொட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

கதை கல்லில் தொடங்குகிறது, ஓவியத்துக்கு வெகு காலம் முன்பே. அதே மலையில் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகை இருக்கிறது. பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துப் போக வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். உள்ளே சமணத் துறவிகளுக்கான பதினேழு கற்படுக்கைகள். தலைமாட்டில் சற்று மேடு விட்டு, மற்ற இடமெல்லாம் உடம்பு உறுத்தாத அளவுக்கு வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். பெரிய படுக்கையை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்காகச் சிறுபோசில் என்ற ஊரைச் சேர்ந்த இளையர் செய்துகொடுத்த இருக்கை இது என்று, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய அந்த எழுத்தைப் படித்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பாறையை வசப்படுத்தும் வித்தை அவ்வளவு பழையது. கருங்கல்லில் உளி எங்கே இறங்கும், எங்கே துள்ளும், எந்த இடத்தில் பொரிந்து தெறிக்கும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கையில் தங்கிய அறிவு.

அந்த அறிவின்மேல்தான் பல நூற்றாண்டு கழித்து மேற்குச் சரிவில் அறிவர் கோயிலைக் குடைந்தார்கள். குடைவரையும் ஓவியமும் யார் காலத்தவை என்பதில் இரண்டு கருத்து உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் என்று முதலில் எழுதினார்கள். ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்டவன் அவன். சித்திரகாரப்புலி என்ற பட்டம் பூண்டவன். மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தை எழுதியவன். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தவன். இப்படி ஒருவன் இருக்கும்போது நல்ல குடைவரையையும் நல்ல ஓவியத்தையும் அவன் கணக்கில் எழுதத் தோன்றுவது இயல்பு. இளங்கௌதமன் கல்வெட்டின் பொருள் தெளிவான பிறகு, ஓவியத்தைப் பாண்டியர் காலத்துக்கு நகர்த்தினார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

குடைவரை வேலையில் திருத்தம் கிடையாது. களிமண்ணில் தவறினால் அப்பலாம், தாளில் தவறினால் அழிக்கலாம். பாறைக்குள் தூணை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை மட்டும் வெட்டி எடுக்கும்போது, எது மிஞ்ச வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இன்றைய சிற்பக்கலை வகுப்பில் சேர்ப்பதும் குறைப்பதும் இரண்டு தனிப் பயிற்சிகளாக வரும். அறிவர் கோயில் முழுக்கவும் குறைத்தே பிறந்தது. கருவறைப் பின்சுவரில் மூன்று அமர்ந்த உருவங்கள். வெளி மண்டபத்தின் இரு பக்கச் சுவர்களிலும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர். எதிர்ப்பக்கம் ஒற்றைக் குடையின் கீழ் ஒரு சமண ஆச்சாரியார். அருகே திருவாசிரியன் என்ற பெயர் வெட்டியிருக்கிறது. ஓவிய மண்டபத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் ஓர் ஆசிரியர் முன்னால் போய்த்தான் நிற்கிறோம்.

கருவறைக்குள் போய் நின்று காவலர் சொல்கிறபடி வாயை மூடி மெல்ல முனகிப் பாருங்கள். அந்தச் சிறிய சதுர அறை நம் முனகலை வாங்கிச் சுற்றிலும் நிறைத்துத் திருப்பித் தரும். மூச்சைக்கூட அறை பிடித்துக்கொள்கிறது. அறையின் அளவும் கல்லின் வழவழப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. கட்டடக்கலையின் ஒரு பாடத்தை வாயைத் திறக்காமல் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

இனிக் காரை. கருங்கல் நிறத்தைக் குடிக்காது. நேரே தீட்டினால் உதிர்ந்துவிடும். ஆகவே கல்லுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் சுண்ணாம்பு வர வேண்டும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலிருந்து கரியமிலவாயு பிரியும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீறியதை மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உள்ளிழுத்து மறுபடியும் கல்லாகிவிடும். கல்லைச் சுட்டு, குழம்பாக்கி, பூசி, திரும்பக் கல்லாக்குகிற வித்தை. நம் ஊர்ப் பழைய கொத்தனார்களிடம் கேட்டால் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும், மணலை எப்படிச் சலிக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் எந்த அளவு என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். ஓவியம் படிக்கிற மாணவர் அவர்களிடம் ஒரு வாரமாவது உட்கார வேண்டும்.

சித்தன்னவாசல் காரையைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொல்பொருள் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் சோதித்துப் பார்த்தார். கல்மேல் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த முரட்டுப் பூச்சு; அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. இரண்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர்தான். அந்தப் பூச்சு உலர்ந்த பிறகு, நிறத்தைச் சுண்ணாம்போடு குழைத்துத் தீட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் முறை வேறு. அங்கே பூச்சு ஈரமாக இருக்கும்போதே எழுதினார்கள். ஈரப் பூச்சில் எழுதினால் காய்வதற்குள் முடித்தாக வேண்டும், நிறம் சுண்ணாம்போடு இறுகிவிடும். உலர்ந்த பூச்சில் கைக்கு நிதானம் கிடைக்கும், நிறத்தின் பிடிமானம் சற்றுக் குறையும். இரண்டுக்கும் வெவ்வேறு மனநிலை வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வதும், அடுத்தடுத்த மாவட்டங்களில் உள்ள இந்த இரண்டு இடங்களுக்கும் போய்ப் பார்ப்பதும் ஒன்றாகாது.

வண்ணத்தைத் தீர்மானித்ததும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பின் காரம் இலை, பூ, பட்டையிலிருந்து எடுக்கும் சாயங்களைக் கெடுத்துவிடும். மண்ணிலும் கல்லிலும் பிறந்த நிறங்களே தாங்கும். எனவே வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண், பச்சைக்குப் பச்சைமண். கூரை முழுதும் தெரிகிற அந்தப் பச்சையும் காவியும் ஓவியர் ஆசைப்பட்டுத் தேர்ந்தவை என்று நினைக்கிறோம். பூச்சு அனுமதித்த நிறங்களை வைத்துக்கொண்டு ஒரு குளத்தை நிறைத்தார்கள் என்பதே சரி. ஊடகம் போடுகிற எல்லைக்குள் நின்று அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான் மாணவருக்குப் பயன்.

அப்படி என்ன செய்தார்கள்? மண்டபக் கூரையை அண்ணாந்து பாருங்கள். கூரை முழுவதும் ஒரே குளம். பெரிய பெரிய தாமரைகள்: சில மொட்டு, சில பாதி விரிந்தவை, சில முழுதும் மலர்ந்து பொகுட்டைக் காட்டுபவை. பூக்களைப் பக்கவாட்டில் பார்த்து வரைந்தவர்கள் இலைகளில் பலவற்றை மேலிருந்து பார்த்தபடி வரைந்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இப்படித் தெரியாது. குளத்தில் இறங்கிச் சுற்றி வந்த கண்ணுக்குத் தெரியும். நடுநடுவே மீன்கள், அன்னங்கள், யானைகள், மாடுகள். மூன்று ஆண்கள் பூப்பறிக்கிறார்கள். இருவர் சேர்ந்து நிற்கிறார்கள். ஒருவர் வலக்கையால் தாமரையைப் பறிக்க, இன்னொரு கையில் பூக்கூடை தொங்குகிறது. கூட இருப்பவர் ஒரு கையில் தாமரை பிடித்திருக்க, மறுகை மானின் முகத்தைக் காட்டும் முத்திரையில் மடங்கியிருக்கிறது. மூன்றாமவர் தனியே. தாமரைக் கட்டு ஒன்றை இடத்தோளில் சுமந்திருக்கிறார். முதல் இருவரின் மேனி சிவப்பு, தனியே நிற்பவரின் மேனி ஆரஞ்சு. காவியிலிருந்தே இரண்டு மனித நிறங்களை எடுத்திருக்கிறார்கள்.

இது வெறும் குளக்காட்சி இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். தீர்த்தங்கரர் அறம் உரைக்க எழுப்பப்படும் சமவசரணம் என்ற மண்டபத்தைச் சுற்றிப் பல வட்டங்கள் உண்டு என்பது சமண மரபு. அதில் ஒரு வட்டம் நீர்நிலை. அறம் கேட்க வரும் நல்லோர் அதில் இறங்கிப் பூப்பறித்து மகிழ்வார்கள். கூரையில் இருப்பது அந்த நீர்நிலை. சமணம் அறியாதவருக்கும் அது புதுக்கோட்டைச் சீமையின் ஊருணியாகத் தெரிகிறது என்பதுதான் ஓவியரின் வெற்றி. மழைக்காலத்தில் தாமரை பூத்த கண்மாய் ஒன்றைக்கூடப் பார்க்காத கை இதை எழுதியிருக்க முடியாது.

கூரையிலிருந்து கண்ணை இறக்கித் தூண்களுக்கு வாருங்கள். முன் தூண்கள் இரண்டிலும் ஆடும் பெண்கள். ஒருத்தியின் இடக்கை, யானைத் துதிக்கையாக மார்பின் குறுக்கே வீசி விழுகிறது. ஆடற்கலையில் கஜஹஸ்தம் என்பார்கள். சிதம்பரத்து நடராசருக்கும் அதே கை. மேலே எல்லாம் நிறமாக இருக்க, இங்கே கோடு எல்லாவற்றையும் தாங்குகிறது. இடுப்பின் வளைவு, தோளின் சாய்வு, விரல் நுனி வரைக்கும் ஒரே ஓட்டத்தில் இறங்கும் கோடு. உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது ஆடத் தெரிந்தவருக்கு உடனே புரியும். ஆட்டத்தைக் கூர்ந்து கவனித்தவரோ, அல்லது தானே கொஞ்சம் ஆடியவரோதான் அந்தக் கோட்டை இழுத்திருக்க முடியும். தூணின் உட்பக்கத்தில் அரசன் ஒருவனும் அரசியும் இருக்கிறார்கள். மகேந்திரவர்மன் என்று ஒரு காலத்தில் அவனை அடையாளம் சொன்னார்கள். இப்போது பாண்டியன் ஸ்ரீவல்லபன் என்கிறார்கள்.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் ஓவியம் பற்றிய சித்திரசூத்திரப் பகுதிக்கு முன்னுரையாக ஓர் உரையாடல் வரும். வஜ்ரன் என்ற அரசன் தனக்குச் சிலை செய்யும் கலையைக் கற்றுத்தரும்படி மார்க்கண்டேயரைக் கேட்கிறான். ஓவியம் தெரியாமல் சிலை வராது என்கிறார் அவர். சரி, ஓவியம் சொல்லிக்கொடுங்கள் என்கிறான். ஆடல் தெரியாமல் ஓவியம் வராது. ஆடலுக்குக் கருவியிசை வேண்டும். கருவியிசைக்கு வாய்ப்பாட்டு வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பாட்டில் நிற்கிறது பாடத்திட்டம். அந்த நூலை இங்கே வேலை செய்தவர்கள் படித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அந்த எண்ணம் இந்தத் தேசத்துக் கலைஞர்களின் பொதுச்சொத்தாக இருந்தது என்பதற்குச் சித்தன்னவாசலின் ஒரு தூண் போதும்.

பாட்டு வரை வந்தாயிற்று. பாட்டுக்கும் இதே மாவட்டத்தில் கல் இருக்கிறது. சித்தன்னவாசலுக்கு அக்கம்பக்கமே குடுமியான்மலை. அங்கே மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு. ஏழு ராகங்களுக்குச் சுரங்களை நான்கு நான்காகக் கோத்து எழுதியிருக்கிறது. ஸ, ஸி, ஸு, ஸெ என்று ஒவ்வொரு சுரமும் உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. முடிவில், உருத்திராசாரியரின் மாணவனாகிய ஓர் அரசன், பரம மகேசுவர பக்தன், மாணாக்கர் நன்மைக்காக இதைச் செய்தான் என்று சொல்கிறது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்று தமிழில் ஒரு குறிப்பும் உண்டு. நரம்புக் கருவிகளைக் குறித்தது என்பார்கள். 1904இல் கண்டறிந்து, பி.ஆர். பண்டார்கர் எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்த பிறகு உலக இசை அறிஞர்கள் எல்லாரும் குடுமியான்மலைப் பெயரை அறிந்தார்கள்.

மாணாக்கர் நன்மைக்காக. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஓர் அரசன் தன் வெற்றியை வெட்டாமல் பயிற்சிப் பாடத்தை மலையில் வெட்டியிருக்கிறான்.

சித்தன்னவாசலுக்குப் பிறகு என்ன ஆனது? இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் காலத்தில் விழுந்துவிட்டது. ஓவியம் வெயிலுக்கும் மழைச்சாரலுக்கும் திறந்து கிடந்தது. அண்ணல்வாயில் கோயிலைக் கலையுலகம் மறந்தேபோனது.

மறந்துபோயிருந்த அந்த நாளில்தான் சென்னையில் வேறொன்று பிறந்தது. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்டர் என்ற படை மருத்துவர், பிராட்வேயில் தன் சொந்தச் செலவில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தொழிற்கலைப் பிரிவையும் சேர்த்தார். 1850களிலேயே அரசு அதை எடுத்துக்கொண்டது. ஓவியம், செதுக்குவேலை, மட்பாண்டம், ஓடு, புகைப்படம் எல்லாம் ஒரே வளாகத்தில். இந்தியாவில் அரசுக் கலைக்கல்விக்கு முன்னோடி அதுதான். பின்னால் அதன் பொறுப்புக்கு இ.பி. ஹேவல் வந்தார். ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலையே தொடங்கிவைத்தார். 1887இல் கும்பகோணத்துக்கும் ஒரு கலைப்பள்ளி கிடைத்தது. பல ஊடகங்களை ஒரே கூரையின் கீழ் பயில்வது என்ற ஏற்பாடு நவீனத் தமிழ்நாட்டுக்கு வந்த வழி இது. ஆனால் ஹன்டர் காலத்து மாணவருக்குச் சித்தன்னவாசல் தெரியாது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தெரியாது.

1916இல் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்றை எழுதினார். அதையடுத்த சில ஆண்டுகளில் டி.ஏ. கோபிநாத ராவ் ஓவியங்களைக் கவனித்துச் சொன்னார். 1920இல் பாண்டிச்சேரியிலிருந்த ழுவோ துப்ராய் அவற்றைப் பற்றி எழுத, கலையுலகம் திரும்பிப் பார்த்தது. சமஸ்தான நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் காலத்தில், குடுமியான்மலையிலிருந்து பழைய தூண்களைக் கொண்டுவந்து முன் மண்டபம் எடுத்தார்கள். இன்று வெயிலைத் தடுப்பது அந்த மண்டபம்தான். 1942இல் பரமசிவனும் கே.ஆர். சீனிவாசனும் ஓவியங்களைத் துப்புரவு செய்தார்கள். கருவறைக் கூரையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு ஓவியம் இருப்பது அப்போது தெரிந்தது. பழையதை அடியில் விட்டு, மேலே புதியதை எழுதியிருக்கிறார்கள். பாறையிலுள்ள பாட்டு சொல்லும் புதுப்பித்தலுக்கு அது நேர்ச் சாட்சி.

கண்டெடுத்த பிறகும் சேதம் நின்றபாடில்லை. பெயரைக் கீறியவர்கள், கையால் தடவிப் பார்த்தவர்கள் என்று நம்மாலும் கொஞ்சம் போயிருக்கிறது. சில மில்லிமீட்டர் காரைமேல் நிற்கிற ஓவியம் எவ்வளவு தாங்கும்?

சென்னைப் பள்ளிக்குத் திரும்புவோம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஓவியரும் அவரே, மெரினாவின் உழைப்பாளர் சிலையை வார்த்தவரும் அவரே. அவருக்குப் பின் 1957இல் வந்த கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களை அவரவர் மண்ணின் கோட்டுக்குத் திருப்பினார். 1966இல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமத்தை எழுப்பினார்கள். பட்டிக் துணியும் உலோகத் தகட்டு வேலையும் விற்றுத்தான் அவர்கள் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். எஸ். தனபால் ஓவியராகத் தொடங்கி, நடனமும் பயின்று, பின் சிற்பியாக மலர்ந்தவர். கல்லூரியாக வளர்ந்த அந்தப் பள்ளிக்கு 1970களில் முதல்வராக இருந்தார். அவர் சிற்பங்களின் நிற்பில் ஆடியவரின் உடம்பு தெரிகிறது என்பது என் துணிபு. சித்தன்னவாசல் தூணில் கோடிழுத்தவரின் நேர் வாரிசு என்று யாரையாவது சொல்லலாம் என்றால் நான் தனபாலைச் சொல்வேன்.

2013இல் தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம் வந்தது. சென்னை, கும்பகோணம் கலைக்கல்லூரிகள் அதன்கீழ் இயங்குகின்றன. பாட்டும் ஓவியமும் ஒரே பல்கலைக்கழகத்தில் என்பதைக் கேட்டால் மார்க்கண்டேயர் மகிழ்ந்திருப்பார். ஆனாலும் வகுப்பறையில் துறைகள் தனித்தனி. வண்ணக்கலை, சிற்பக்கலை, சுடுமண் கலை, துகிலியல், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். ஒன்றை ஆழமாகக் கற்பதற்கு அந்தப் பிரிவு தேவை. அதை நான் மறுக்கவில்லை. வண்ணக்கலை மாணவர் பட்டம் வாங்கும்வரை ஒருமுறையும் சுண்ணாம்பைக் கையால் தொடாமல் போவதும், சிற்பக்கலை மாணவர் ஓர் ஆடல் ஒத்திகைக்குக்கூடப் போகாமல் முடிப்பதும்தான் எனக்கு ஒப்பவில்லை. அண்ணல்வாயிலில் காரை பூசியவருக்கு வண்ணம் தெரிந்திருந்தது. வண்ணம் தீட்டியவருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. ஒருவரே எல்லாம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவரின் வேலை என்ன கேட்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள்.

இந்த அறிவு எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆலங்குடி வட்டாரத்துக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை முப்பதடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. மாசி மகத்தன்று அதன் கழுத்திலிருந்து தரை வரைக்கும் வண்ணக் காகித மாலைகள் விழும். உருவம் சுதை, மேலே வண்ணம், அதற்கு மேல் காகிதம், சுற்றிலும் மேளம். மண்குதிரை செய்யும் வேளார்கள் மண் மிதிப்பது, சுடுவது, நிறம் தீட்டுவது எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துக்குள் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பட்டம் தருவதில்லை.

1974இல் மாவட்டமான புதுக்கோட்டையில் அரசுக் கவின்கலைக் கல்லூரி இல்லை. எங்கள் பிள்ளைகள் நுண்கலைப் பட்டம் படிக்க வேண்டுமென்றால், நூறு கிலோமீட்டர் தள்ளிக் கும்பகோணம் போக வேண்டும், அல்லது சென்னை போக வேண்டும். போகிறவர்கள் போகிறார்கள். விடுதிச் செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை, குறிப்பாகப் பெண்பிள்ளை, வரைகிற கையோடு வேறு படிப்பில் சேர்ந்துவிடுகிறது. கற்படுக்கை, குடைவரை, சுவரோவியம், இசைக் கல்வெட்டு, சுடுமண் குதிரை, 1910 முதல் திருக்கோகர்ணத்தில் இயங்கும் அருங்காட்சியகம் எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் மாவட்டத்துக்கு ஒரு கவின்கலைக் கல்லூரி வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. சென்னை, கும்பகோணம் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களை ஒரு வாரம் சித்தன்னவாசலுக்கு அருகிலுள்ள அன்னவாசலில் தங்கவைக்கட்டும்: காலையில் சித்தன்னவாசல் கூரை, மதியம் ஒரு கொத்தனாரிடம் சுண்ணாம்பு, மாலையில் குடுமியான்மலை. ஓவியத்தை மட்டும் யாரும் தொட வேண்டாம்.